சிராங்கூன் கடிதம்: காப்பிக் காசும் 165ஆம் பிரிவும்



லஞ்சத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மலாய்க்காரர் ‘டூவிட் கோப்பி’ என்கிறார். நாமும் அதைக் ‘காப்பிக் காசு’ என்று தமிழாக்கிக் கொண்டோம். தமிழ்நாட்டு உறவினரைக் கேட்டால் ‘மாமூல்’ என்பார். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவரோ ‘சந்தோசம்’ என்பார். காப்பி, வழக்கம், மகிழ்ச்சி. எத்தனை இனிப்பான பெயர்கள்! கொடுப்பவர் கூசவேண்டாம், வாங்குபவரும் கூசவேண்டாம் என்று நம் முன்னோர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் போலும்.

இந்த மாதம் உங்களுக்கு எழுத எடுத்துக்கொண்டது, இந்த இனிப்பை உரித்துப் பார்க்கிற ஒரு சட்டப் பிரிவைப் பற்றி. சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் ஓர் அமைச்சர் வருகிறார், ஒரு மாளிகை வருகிறது, ஒரு வெள்ளிக் காசும் வருகிறது. நம் வீட்டுத் தீபாவளிப் பலகாரத் தட்டுக்கும் இடம் இருக்கிறது.

சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தை முதல் பெருமாள் கோயில் வரை 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து வாய் ஓயாமல் பேசப்பட்ட பெயர் எஸ். ஈஸ்வரன். சிங்கப்பூரின் போக்குவரத்து அமைச்சர். 1997இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, படிப்படியாக மேலே போன தமிழர். அவர் பெயரைச் சொல்லித் தம் பிள்ளைகளைப் படிக்கச் சொன்ன பெற்றோர் இந்தச் சாலையில் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவரை ஜூலை 11ஆம் தேதி லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு கைது செய்தது. அமைச்சர் வேலையிலிருந்து விலகியிருக்கச் சொன்னார்கள். சம்பளம் மாதம் 8,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. 2024 ஜனவரி 18ஆம் தேதி அவரை நீதிமன்றத்தில் நிறுத்தி 27 குற்றச்சாட்டுகளை வாசித்தார்கள். பதவியை விட்டார், கட்சியையும் விட்டார். மார்ச் மாதம் மேலும் 8 சேர்ந்து மொத்தம் 35 ஆயிற்று.

என்னதான் வாங்கினார்? பெட்டி நிறையப் பணமா? இல்லை. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்துக்கு நுழைவுச்சீட்டு, லண்டனில் நாடகம் பார்க்கச் சீட்டு, காற்பந்தாட்டச் சீட்டு, விமானப் பயணம், ஹோட்டலில் தங்கல், விஸ்கி, கோல்ஃப் மட்டை, ஒரு சைக்கிள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 403,300 வெள்ளி. பெரும் பகுதியைக் கொடுத்தவர் ஓங் பெங் செங் என்ற பெரிய ஹோட்டல் முதலாளி. சிங்கப்பூரில் அந்தக் கார்ப் பந்தயத்தை நடத்தும் கம்பெனியில் பெரும் பங்கு அவருடையது. பந்தயத்தை அரசாங்கத்தின் சார்பில் கவனித்த குழுவுக்குத் தலைவரோ ஈஸ்வரன். விஸ்கியும் சைக்கிளும் இன்னொரு கட்டுமானத் தொழிலதிபர் வழி வந்தவை.

அந்த நாட்களில் காப்பிக் கடை மேசைகளில் கேட்ட பேச்சை அப்படியே எழுதினால் இந்த இதழ் போதாது. “நண்பர்கள் கொடுத்ததை வாங்கினார், இதில் என்ன குற்றம்?” என்றார் ஒருவர். அமைச்சர் தரப்பிலும் நட்பைத்தான் சொன்னார்கள். “ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளி சம்பளம் வாங்குகிற மனிதர் ஒரு பந்தயச் சீட்டுக்கா விலை போவார்?” என்றார் இன்னொருவர். சிங்கப்பூர் அமைச்சர்களின் சம்பளத்துக்கு அடிப்படைக் கணக்காக 2012இல் வைத்த தொகை ஆண்டுக்கு 11 லட்சம் வெள்ளி. கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதும் அந்தப் பெரிய சம்பளத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, “நம்மவன் என்பதால்தான்” என்றார். இந்த மூன்றாவது பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1975இல் சுற்றுப்புறத்துறைத் துணை அமைச்சராயிருந்த வீ தூன் பூன் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் விசாரிக்கப்பட்டார். வழக்கு நீதிமன்றம் ஏறுமுன் அவர் இறந்துபோனார். அவர்கள் இருவரும் சீனர்கள்.

முதல் பேச்சுக்கு வருவோம். நண்பர் கொடுத்தால் குற்றமா? இங்கேதான் 165ஆம் பிரிவு வருகிறது.

இந்தப் பிரிவு சிங்கப்பூரில் பிறந்ததல்ல. 1860இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் பிறந்தது. அங்கிருந்து பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. இன்று சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்திலும் அது 165தான். மலேசியாவின் தண்டனைச் சட்டத்திலும் 165தான். இந்தியாவில் மட்டும் 1988இல் அதை எடுத்து லஞ்சத் தடுப்புச் சட்டத்துக்குள் 11ஆம் பிரிவாகப் போட்டார்கள். நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்ததுபோல அதுவும் கடல் தாண்டி வந்து இங்கே வேர் பிடித்துக்கொண்டது.

அந்தப் பழைய சட்டத்தை எழுதியவர்கள் இதை விளக்க ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள். ஒரு கலெக்டர் வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார். வீட்டுக்காரனுடைய காரியம் ஒன்று அதே கலெக்டர் முன்னால் தீர்ப்புக்குக் கிடக்கிறது. நியாயமான வாடகை மாதம் 200 ரூபாய். கலெக்டர் கொடுப்பதோ 50 ரூபாய். அவ்வளவுதான் கதை. கலெக்டர் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னாரா? சட்டம் கேட்கவில்லை. இருவரும் பால்ய நண்பர்களா? அதையும் கேட்கவில்லை. ‘உன் மேசைக்கு முன்னால் காரியம் வைத்திருக்கிறவனிடம், இனாமாகவோ குறைந்த விலைக்கோ விலையுள்ள பொருளை வாங்கினாயா?’ என்பது ஒன்றுதான் கேள்வி. மற்ற லஞ்சச் சட்டங்களில் கெட்ட எண்ணத்தை நிரூபிக்கவேண்டும். இதில் அந்தப் பாடு இல்லை. மனிதனின் நெஞ்சைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்குக் கருவி இல்லை என்று தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

கலெக்டர் கதை நூற்றறுபது வருடப் பழசு என்று நினைத்துவிடாதீர்கள். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் மந்திரி புசாராக இருந்த டாக்டர் கீர் தோயோவை நினைவிருக்கிறதா? ஷா ஆலமில் நிலமும் மாளிகையும் வாங்கினார். விற்றவர் 2004இல் 65 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கிய சொத்து அது. கீர் தோயோ கொடுத்தது 35 லட்சம் ரிங்கிட். அதே 165ஆம் பிரிவு! 2011இல் உயர் நீதிமன்றம் 12 மாதச் சிறை விதித்தது. 2015 செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. கலெக்டரின் 50 ரூபாய் வாடகை ஷா ஆலமில் மாளிகையாக வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நிற்க. சிங்கப்பூர் வழக்குக்குத் திரும்புவோம். 2024 செப்டம்பர் 24ஆம் தேதி விசாரணை தொடங்கவேண்டிய நாளில் ஒரு திருப்பம் நடந்தது. 7 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய இரண்டு பெரிய ஊழல் குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு 165ஆம் பிரிவுக்கு மாற்றிக்கொண்டது. இந்தப் பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டுதான். கொடுத்தவரும் வாங்கியவரும் மட்டுமே அறிந்த ஒரு விஷயத்தில் கெட்ட எண்ணத்தை ஐயமற நிரூபிப்பது கடினம் என்று காரணம் சொன்னார்கள். பலருக்கு இது மனக்குறைதான். எனக்கும் கொஞ்சம் உண்டு. விசாரணை முழுதாக நடந்திருந்தால் இன்னும் சில உண்மைகள் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். எப்படியோ, ஈஸ்வரன் 165இல் 4 குற்றங்களையும், நீதியின் வழியை மறித்ததாக ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். மீதி 30 தண்டனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. 380,000 வெள்ளிக்கு மேல் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டினார்.

அந்த ஐந்தாவது குற்றம் என்ன என்பதுதான் இந்த வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 2022 டிசம்பரில் ஓங் பெங் செங்கின் விருந்தாளியாக ஈஸ்வரன் தோஹாவுக்குப் போனார். தனி விமானத்தில் போய், ஹோட்டலில் தங்கி, வணிக வகுப்பில் திரும்பினார். ஒரு வெள்ளி செலவில்லை. ஐந்து மாதம் கழிந்தது. 2023 மே மாதம் புலனாய்வுக்காரர்கள் வேறொரு விஷயத்தைத் துருவும்போது அந்தத் தனி விமானத்தில் பயணம் செய்தவர்களின் பட்டியலைக் கைப்பற்றினார்கள். செய்தி ஓங் மூலமாக ஈஸ்வரனுக்குத் தெரிந்தது. உடனே, திரும்பி வந்த பயணத்துக்கு எனக்குப் பில் அனுப்புங்கள் என்றார். பில் வந்தது. 5,700 வெள்ளிக்குக் காசோலை கொடுத்தார்.

பணம் கட்டியது குற்றமா என்று கேட்பீர்கள். பயணத்தின்போதே கட்டியிருந்தால் அந்தப் பயணச்சீட்டைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. பட்டியல் பிடிபட்ட பிறகு கட்டியதால் அது தடயத்தை மூடுகிற வேலை ஆயிற்று. அதே 5,700 வெள்ளி, டிசம்பரில் கட்டினால் பயணச் செலவு, மே மாதத்தில் கட்டினால் சிறை.

அமைச்சர்களுக்கான விதிப்படி அவர் பரிசை வாங்கியிருக்கவே கூடாது என்றும் இல்லை. மறுக்க முடியாத பரிசு வந்தால் அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும். வேண்டுமென்றால் மதிப்புப் போட்டு, அந்த விலையைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். கதவு திறந்துதான் இருந்தது.

அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். எதிர்த் தரப்பு, 8 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. 2024 அக்டோபர் 3ஆம் தேதி நீதிபதி வின்சன்ட் ஹூங் இரண்டையும் தள்ளிவிட்டு 12 மாதம் விதித்தார். பதவி உயர உயரப் பொறுப்பும் உயர்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஈஸ்வரன் 2025 பிப்ரவரியில் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டு, ஜூன் மாதம் தண்டனையை முடித்தார். அந்தக் காசோலை விஷயத்தில் உடந்தையாக இருந்ததற்காக ஓங் பெங் செங்குக்கு 2025 ஆகஸ்டில் 30,000 வெள்ளி அபராதம். அவர் கடுமையான நோயாளி என்பதால் நீதிமன்றம் இரக்கம் காட்டிச் சிறையைத் தவிர்த்தது.

சிங்கப்பூரில் எல்லாரும் பிறவியிலேயே உத்தமர்கள் என்று எண்ணவேண்டாம். 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 ராத்தல் அபின் கொள்ளை போயிற்று. மதிப்பு 400,000 வெள்ளி. துப்புத் துலக்கினால் கொள்ளைக்காரரோடு போலீஸ் துப்பறிவாளர்களே சேர்ந்திருந்தார்கள்! போலீஸை வைத்துப் போலீஸை விசாரிப்பது எப்படி? அதனால்தான் 1952இல் போலீஸுக்கு வெளியே லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிறந்தது. 1960இல் வந்த லஞ்சத் தடுப்புச் சட்டம் அதற்குப் பல் வைத்தது. அரசாங்கத்தோடு காரியம் உள்ளவனிடம் ஓர் அரசாங்க ஊழியர் காசு வாங்கினால், அது லஞ்சம் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது வாங்கியவர் பொறுப்பு. பிரதமரே விசாரணையை மறித்தாலும் அதிபரின் சம்மதத்தோடு மேலே போகலாம் என்று 1991இல் அரசமைப்பிலும் வழி செய்தார்கள். உலக ஊழல் கண்ணோட்டப் பட்டியலில் 2024இல் சிங்கப்பூருக்கு மூன்றாம் இடம், மலேசியாவுக்கு 57ஆம் இடம். இடையில் இருப்பது ஒரு பாலம்தான்.

இந்தச் சட்டம் அமைச்சர்களுக்கு மட்டுமல்ல, அரசாங்க வேலைக்கு மட்டுமல்ல. 2018இல் சிங்கப்பூரில் ஒரு கொள்கலன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரண்டு தொழிலாளிகள் மீது வழக்குப் போட்டார்கள். லோரிக்காரர்களின் கொள்கலனைத் தாமதமில்லாமல் ஏற்றி இறக்க அவர்கள் ஒவ்வொரு முறையும் வாங்கியது எவ்வளவு தெரியுமா? ஒரு வெள்ளி. உண்மையான காப்பிக் காசு!

ஒரு வெள்ளிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சிரிக்கமாட்டோம். விடியற்காலைப் பெரட்டில் நல்ல நிரை யாருக்கு, மேட்டுக்காட்டு நிரை யாருக்கு என்று பெயர் கூப்பிட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் அந்தியில் மண்டோர் வீட்டுக்கோ கிராணி வீட்டுக்கோ ஒரு சேவலும் ஒரு தார் வாழைப்பழமும் போயிருக்கும். கொண்டுபோனவருக்கு வீட்டுப் பக்கத்தில் சமநிலம். கொண்டுபோக முடியாத கைம்பெண்ணுக்கு மேடு. சேவலின் விலை சொற்பம். வருடம் முழுதும் மேடு ஏறி இறங்கிய கால்கள் யாருடையவை?

இந்த இடத்தில், கூலாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும். பால்மரம் வெட்டிப் படிக்க வைத்த மகன் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குப் பிறகு முதல் அரசாங்க நாற்காலி. தீபாவளிக்குக் குத்தகைக்காரர் ஒருவர் பெரிய பரிசுக்கூடையை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். “வீடு தேடி வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பலாமா?” என்று கேட்கிறார்.

அம்மா, அனுப்பலாம். அனுப்பித்தான் ஆகவேண்டும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு நீங்கள் முறுக்குத் தட்டு அனுப்பினால், புத்தாண்டுக்கு அவர் ஆரஞ்சுப் பழம் அனுப்புகிறார். தட்டு போகிறது, வருகிறது. அந்தக் குத்தகைக்காரர் உங்கள் மகன் அந்த மேசைக்கு வருவதற்கு முன் எந்தத் தீபாவளிக்காவது உங்கள் வாசலை மிதித்ததுண்டா? நாளைக்கு மகன் வேறு இலாகாவுக்கு மாறினால் கூடை எந்த வீட்டுக்குப் போகும் என்றும் நினைத்துப் பாருங்கள். மலேசிய அரசாங்க ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டு நடத்தை விதிகளே இதைச் சொல்கின்றன: மறுக்க முடியாத நிலையில் பரிசு வந்துவிட்டால் இலாகாத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மகன் நாளைக்கே இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும். தேதி முக்கியம். ஐந்து மாதம் கழித்து எழுதினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

கொடுக்கிற பக்கமும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் நிற்பது அந்தப் பக்கம்தான். பிறப்புப் பத்திரம் தாமதமான பிள்ளை, சிவப்பு அடையாளக் கார்டோடு மூப்படைந்துவிட்ட பாட்டி, இவர்களுக்காக அலுவலகப் படி ஏறி இறங்கிச் சலித்தவர்களிடம், “உள்ளே ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்று ஒரு தரகர் வருகிறார். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். காரியம் முடிவதில்லை, தரகரும் அகப்படுவதில்லை. போலீஸுக்குப் போகவும் பயம், ஏனென்றால் கொடுத்ததும் குற்றம். அந்தப் பயந்தான் தரகரின் முதல். அரசாங்கக் கட்டணம் எதுவானாலும் ரசீது உண்டு. ரசீது தரமுடியாத காசைக் கொடுக்காதீர்கள்.

காசு கேட்கப்பட்டால், யார், எங்கே, எந்தத் தேதி, எவ்வளவு என்று பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கே குறித்துக்கொண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். கேட்கப்பட்டவர் விரைவில் தெரிவிக்கவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளையும்கூட. தகவல் கொடுத்தவர் பெயரை வெளியிடக்கூடாது என்று அதே சட்டம் காப்பும் தருகிறது. லஞ்சம் நிரூபணமானால் 20 ஆண்டு வரை சிறை, தொகையைப்போல் ஐந்து மடங்கோ 10,000 ரிங்கிட்டோ, எது அதிகமோ அந்த அளவுக்குக் குறையாத அபராதம்.

ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி இங்கே வேலைக்கு வருகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சாலையில் போலீஸ்காரர் நிறுத்தினால், ஓட்டுநர் உரிமத்துக்குள் ஒரு தாளை மடித்து நீட்டும் பழக்கத்தை எங்காவது கற்றுக்கொண்டிருந்தால், அதைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் வாங்கவேண்டும் என்றுகூட இல்லை, நீட்டியதே குற்றம். போக்குவரத்து அபராதம் கட்டினால் முடிகிற விஷயம் சிறையில் போய் நிற்கும், வேலை உரிமமும் போகும்.

கூலாய்த் தாயார் கூடையை என்ன செய்தார் என்று எழுதினால், அடுத்த கடிதத்தில் தெரிவிக்கிறேன்.